உம்மு ராஷித் பார்த்த அரண்மனை

அமீரகத்தின் புஜைராவில் தன் வீட்டில், பாரிஸ் போய்வந்த உம்மு ராஷித் விருந்தாளிகளிடம் வெர்சாய் அரண்மனையை விவரித்துக்கொண்டிருந்தார். கூரையெல்லாம் ஓவியம், சுவரெல்லாம் கண்ணாடி பதித்த மண்டபம்.

சமையலறையில் டிரைவர் பெபின், கூடப் போய்வந்த நர்ஸ் சுகிர்தராணியிடம் கேட்டான். "அக்கா, நீங்க போனது திங்கக்கிழமை. அரண்மனைக்கு அன்னைக்கு லீவுன்னு போன்ல சொன்னீங்கல்லா?"

"ஆமா. ஆசையா வந்தவங்ககிட்ட அதை எப்படிச் சொல்ல? தோட்டத்துல வீல்சேரைத் தள்ளிக்கிட்டே, உள்ள போற மாதிரி கதை சொன்னேன். கண்ணு தெரியாதவங்க, நம்பிட்டாங்க."

விருந்தாளிகள் போனதும் உம்மு ராஷித் சுகிர்தராணியின் கையைத் தடவிப் பிடித்தார்.

"அழகாகச் சொன்னாய், சுகிர்தா. ஆனால் அந்தக் கண்ணாடி மண்டபத்துக்குள் எத்தனை குருவிகள் கத்தின!"