நான்காவது விதி

“இவர் ஃபோன் பண்ணி எதை விக்கச் சொன்னாலும் நீங்க விக்கக் கூடாது. என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். நாலாவது விதியா இதையும் எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டிருந்த முதலீட்டு ஆலோசகர் நிமிர்ந்தார்.

சொன்னவர் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா. பக்கத்தில் அவருடைய கணவர். மின் நிலையத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷச் சம்பாத்தியம் பங்குகளாகவும் டெபாசிட்டாகவும் அவர் பெயரில் இருந்தது. அதை இனி எப்படிக் கவனிப்பது என்று விதிகள் எழுதி வைக்கத்தான் முதல்முறையாக இந்த அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள்.

முதல் மூன்று விதிகளில் ஆலோசகர் ஒரு குறையும் காணவில்லை. பணத்தில் அறுபது சதவீதம் பங்குகளில், மீதி டெபாசிட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும், ஜூன் முதல் வாரத்தில் பார்ப்பது. பங்குகள் அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தால் கூடுதலை விற்று டெபாசிட்டில் போடுவது. ஐம்பத்தைந்துக்குக் கீழே போயிருந்தால் டெபாசிட்டிலிருந்து எடுத்து வாங்குவது. நடுவில் சந்தை எப்படி ஆடினாலும் கை வைப்பதில்லை. இத்தனை தெளிவாக எழுதிக்கொண்டு வந்தவர்களை அவர் பார்த்ததில்லை.

ஆனால் பேசியதெல்லாம் அந்த அம்மாதான். கணவர் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, “அறுபதுன்னு ஏன் வெச்சோம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதெல்லாம் வீட்லயே பேசியாச்சு. நீங்க சும்மா இருங்க.”

மனிதர் அதோடு அடங்கிவிட்டார்.

ஆலோசகருக்குச் சுருக்கென்றது. பணம் சாரின் பெயரில் இருக்கிறது, அவரே விற்கச் சொல்லும்போது தான் எப்படி மறுக்க முடியும் என்று கேட்டுப் பார்த்தார்.

“அதுக்குத்தான் எழுதியே தரோம். இவர் சத்தம் போடுவார். வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு மிரட்டுவார். நீங்க அசையக் கூடாது” என்றார் அந்த அம்மா.

அடையாள அட்டை நகல் தேவைப்பட்டது. அலுவலக ஜெராக்ஸ் மெஷின் பழுது. கீழ்த்தளத்துக் கடையில் எடுத்து வருவதாக அந்த அம்மாவே கிளம்பினார். கணவர் எழுந்திருக்கப் போனபோது, தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டுப் போனார்.

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை ஆலோசகர் காத்திருந்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“சார், நான் குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. இது நீங்க உழைச்ச பணம். இஷ்டம் இல்லைன்னா இதுல நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அம்மாகிட்ட நான் வேற ஏதாவது காரணம் சொல்லிக்கறேன்.”

பெரியவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது.

“இந்த நாலு விதியும் நான் எழுதினது தம்பி.”



பெரியவர் நிதானமாகச் சொன்னார். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு தடவை கைவசம் இருந்த பங்குகளை எல்லாம் விற்று, திரும்ப வாங்கியிருக்கிறார். அதில் பெரிய நஷ்டம். செய்த எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. டாக்டரிடம் போனார்கள். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வருஷம் வரை ஓரளவு தெளிவாக இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தத் தெளிவு இருக்கும்போதே, பின்னால் வரப்போகிற தன்னிடமிருந்து மனைவியைக் காப்பாற்ற உட்கார்ந்து எழுதியதுதான் இது.

“அப்புறம் ஏன் சார் அவங்க உங்களைப் பேசவே விடல?”

“உள்ளதைச் சொல்லிடலாம்னுதான் நான் சொன்னேன். அவ கேக்கல. நடுவுல நான் தடுமாறினா யாரும் கண்டுபிடிக்கக் கூடாதாம்.”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“‘பொண்டாட்டிக்குப் பயந்தவர்னு ஊர் நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும், என்னை ராட்சசின்னாலும் சொல்லட்டும். புத்தி போனவர்னு உங்களை ஒருத்தரும் பார்க்கக் கூடாது’ன்னுட்டா.”