பாஷா வாங்கிக் கொடுத்த வேலை

மஹபூப் பாஷா நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்புச் சாயத்தை மறுபடியும் தேய்த்துக் கழுவினான். போகவில்லை. அந்தக் கையோடு ஆஸ்பத்திரியில் தோஸ்தின் கட்டிலருகே போய் நிற்கவே அவனுக்குக் கூசியது.

கட்டிலில் மதியழகனின் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. மார்பிலும் முதுகிலும் தணல் பட்டதுபோல் தடிப்பு. மாதனூரில் வேலையில்லாமல் குடித்துக் கிடந்தவனை இரண்டு மாதத்துக்கு முன் தான் வேலை பார்க்கும் ஆம்பூர் தோல் கம்பெனிக்கு இழுத்துப் போய், சாயம் பீய்ச்சும் ஸ்பிரே செக்‌ஷனில் சேர்த்துவிட்டவன் பாஷாதான்.

"இன்னா பாய், மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு? நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றான் மதியழகன்.

"சும்மா இருடா. எல்லாம் என்னால வந்த பேஜார்."

"உன்னாலதான் பாய் குடியே விட்டுப்போச்சு. அங்க சேர்ந்ததுலேர்ந்து சரக்கு வாடையே குமட்டுது."

பாஷாவுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். வேலையில் சேர்ந்த நாள் முதல் மதியழகனின் மனைவி சங்கீதா பாஷாவுக்கும் சேர்த்தே சோறு கட்டி அனுப்புவாள். "அண்ணாவோடது சிவப்பு மூடி. மாத்தித் தின்னுடாதீங்க" என்று புருஷனிடம் தினமும் சொல்வாள். கூடப் பிறந்தவள்கூட அப்படிக் கவனித்ததில்லை. அவள் தலையில் இப்படி இடியை இறக்கிவிட்டோமே!

இன்றும் வீட்டிலிருந்து கொண்டுவந்த குழம்புச் சோற்றை அவள் பிசைந்து புருஷனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் இரம் வந்து இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார். சங்கீதா டப்பாவும் கையுமாக எழுந்து வந்தாள்.

"ரொம்ப அபூர்வமா வர்ற தோல் வியாதி இது. தோலோட நிக்கல, ஈரல் வரைக்கும் போயிடுச்சு. உடம்புக்குள்ள போன ஏதோ ஒண்ணுதான் இதைக் கிளப்பி விட்டிருக்கு. எதுன்னு தெரிஞ்சு நிறுத்தலன்னா ஈரல் தாங்காது."

பாஷா தன் கறுத்த நகங்களை நீட்டிக் காட்டினான். "கம்பெனி சாயம்தான் மேடம். மாஸ்க் கேட்டான். 'மொதல்ல வேலையைக் கத்துக்கோடா'ன்னு நான்தான் நக்கல் பண்ணேன்."

"சாயம்னா, இங்க வந்து படுத்ததும் குறையணும். இங்க வந்தும் ஜாஸ்திதான் ஆகுது. வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிட்டாரா?"

"தலைவலின்னாக்கூட மாத்திரையைத் தொட மாட்டான் மேடம். நான்தான் காரணம். என்மேல கேஸ் எழுதினாலும் சரி" என்று பாஷா உடைந்து அழுதான்.

சங்கீதாவின் கையிலிருந்த டப்பா தரையில் விழுந்து உருண்டது. சிதறிய சோற்றை அள்ளப் பாஷா குனிந்தான்.

"தொடாதீங்கண்ணா!" அவன் கையை அவள் தட்டிவிட்டாள். "அதுல குடியை நிறுத்துற பொடி இருக்கு. அவருக்குத் தெரியாம தினமும் கலந்தேன். நடுவுல விடக் கூடாதுன்னு குடுத்தவங்க சொன்னாங்க, இன்னிக்கும் கலந்துட்டேன்..."

பாஷா நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

"அதனாலதாண்ணா உங்களுக்குத் தனி டப்பா."