கொத்துப் பரோட்டாவும் பாக்கியம் டீச்சரின் கட்டுரையும்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், இனிமேல் என் இலையில் விழுகிற பரோட்டாவுக்கெல்லாம் சால்னா கிடைக்காமல் போகட்டும். மதுரைக்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

திருநகர் பாக்கியம் டீச்சருக்குத் தூக்கம் போய் வெகுநாளாயிற்று. காரணம், தெருமுனையில் கருத்தக்கண்ணன் நடத்தும் பரோட்டாக் கடை. ஊர் அடங்கின பிறகும் கல்லில் கரண்டி விழுகிற சத்தம், டங்கு டங்கென்று டீச்சரின் தலையணை வரைக்கும் வரும்.

அதனால் தெருச் சங்கத் தலைவர் கைலாசநாதன் வந்து கேட்டதும் டீச்சருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

"கடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போறோம் டீச்சர். பாதிப் பேர் கையெழுத்துப் போட யோசிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வாசிக்க ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க. கல்லா இருக்கிற மனசும் மாறணும்."

கேட்டது சரியான ஆளிடம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் தயார் பண்ணின பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் தோற்றதே கிடையாது. குடியின் கேட்டைப் பற்றி ஒரு பிள்ளை எழுதிய தாள் பழைய பேப்பரோடு போய், கடலைப் பொட்டலமாகி, ஒயின்ஷாப்புக்குள் நுழைந்துவிட்டது. கடலையைத் தின்றுகொண்டே அதைப் படித்தவர், பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இன்றைக்கு அவர் பரவையில் இளநீர் விற்கிறார்.

"ஆனா ஒண்ணு சார். என் கட்டுரை ரெண்டு பக்கம். முதல் பக்கம் பூரா எதிராளி கட்சி. அவனே பேசியிருந்தாலும் இம்புட்டு நல்லாப் பேசியிருக்க மாட்டான்னு இருக்கணும். ரெண்டாம் பக்கத்துல அதை ஒண்ணு ஒண்ணா உடைப்பேன்."

"அந்த ஆளுக்கு நாம எதுக்கு டீச்சர் வக்கீல் வைக்கணும்?"

"நோஞ்சானை அடிச்சா யாரு சார் கைதட்டுவா? பயில்வானைச் சாய்ச்சாத்தான் கூட்டம் நம்ம பக்கம் வரும்."

எதிராளி கட்சியை எதிராளியிடமே கேட்பது டீச்சர் வழக்கம். நேரே கடைக்குப் போனார்.

"தம்பி, உங்க கடை ஏன் இந்தத் தெருவுல இருக்கணும்? சொல்லுங்க."

"எனக்குப் பேச வராது டீச்சரம்மா. செத்த உக்காருங்க, சூடா ஒண்ணு போட்டுத் தாரேன்."

டீச்சர் உட்கார்ந்தார். கடைசி பஸ் போகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுரையைக் கைலாசநாதனிடம் கொடுத்தாயிற்று. சாயங்காலம் அவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். அவரே எழுந்து வாசித்தார்.

"கடைசி பஸ்ஸில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் வேலை முடிந்து இறங்குகிறார்கள். அந்நேரம் தெருவில் நாய் தவிர வேறு நடமாட்டம் இல்லை. கருத்தக்கண்ணன் நிமிர்ந்து பார்க்கிறார். கல்லில் பரோட்டா கிடையாது. இருந்தும் வெறுங்கல்லைக் கொத்துகிறார். இறங்கின பிள்ளை நடந்து போய், வீட்டுக் கேட்டைத் திறந்து, தாழ் போடுகிற வரைக்கும் கொத்துகிறார். நான் இருக்கிறேன், பயப்படாமல் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கரண்டி வருகிறது."

பக்கத்து மரத்துக் காக்காகூடக் கரைவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டது. எண்ணெய்ப் புகை தாங்கவில்லை என்று முதல் ஆளாகக் கத்திய விஸ்வநாத், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டீச்சர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அழுங்க, நல்லா அழுங்க. அடுத்த பக்கம் வரட்டும். தெருவிளக்கு, காவலாள், கடைக்கு வேறு இடம் என்று எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது.

கைலாசநாதன் தாளை மடித்தார்.

"அம்புட்டுத்தான்," என்று உட்கார்ந்துவிட்டார்.

டீச்சருக்குத் திக்கென்றது. "சார், இன்னொரு பக்கம்..." என்றது கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

"இனி அந்தக் கடையைப் பத்தி எவனாவது வாயைத் திறந்தான், அவன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது," என்றார் விஸ்வநாத். "டீச்சர், உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு."

பெரிய மனசுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் கைலாசநாதனை மடக்கினார்.

"என்ன சார், ரெண்டாம் பக்கத்தைத் தொலைச்சுட்டீங்களா? எதிராளி கட்சியைப் போய் நம்ம கட்சின்னு வாசிச்சு, எல்லாத்தையும் தலைகீழாக்கிட்டீங்களே."

"தொலைக்கலை டீச்சர். கீழே பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்."

"பூட்டியிருக்கீங்களா?"

கைலாசநாதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "என் பொண்ணு தீப்தியும் அந்தக் கடைசி பஸ்லதான் வாரா. ஸ்டாப்புக்கு வரட்டுமான்னு கேட்டா, 'தெருவுல ஆளு இருக்குப்பா, நீங்க தூங்குங்க'ன்னு சொல்லுவா. யாரும்மா அந்த ஆளுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில உங்க முதல் பக்கத்தைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

டீச்சர் ரெண்டு படி இறங்கினார். பிறகு மனசு கேட்காமல், "அப்ப ரெண்டாம் பக்கம் நல்லா இல்லையா சார்?" என்றார்.

"முதல் பக்கத்தைவிட நல்லா இருந்துச்சு டீச்சர். படிச்சு முடிச்சதும், பெத்த பொண்ணை மறந்துட்டு, மனுவுல நானே முதல் கையெழுத்தைப் போட்டுட்டேன். அப்புறம்தான் பயந்துபோய்ப் பூட்டினேன்."

இதை நீங்கள் தாராளமாக நாலு பேரிடம் சொல்லலாம். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என்னைக் காட்டிவிடாதீர்கள். டீச்சர் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டால், அப்புறம் என்னை நானே நம்ப மாட்டேன்.