பத்தாவது வரிசை

வசுமதி கோதுமைக் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதினாள்.

மணிகள் இருந்தன.

பத்தாவது வரிசையில் மணி! வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இது பெண் வரிசை. இந்தச் செடிகளுக்குச் சொந்த மகரந்தம் கிடையாது, அப்படித்தான் உருவாக்கியிருக்கிறார்கள். வயலோரத்து ஆண் செடிகளிலிருந்து காற்று கொண்டுவந்தால்தான் உண்டு. கோதுமையைத் தேடித் தேனீ வராது. தேனுமில்லை, வாசனையுமில்லை, எதற்காக வரும்?

அந்த ஆண் ரகம் அவள் ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கியது. மகரந்தத்துக்குக் குறைவில்லை, அள்ளிக் கொட்டும். ஆனால் நாலு வரிசை தாண்டுவதற்குள் எல்லாம் மண்ணில் விழுந்துவிடும். இந்த முறையும் தாண்டாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தாண்டிவிட்டது.

மணிகளைப் படமெடுத்து இயக்குநருக்கு அனுப்பினாள். அடுத்த கதிரைக் கிள்ளினாள். மணி. அதற்கடுத்ததிலும் மணி.

கையை நீட்டி, வரிசையின் மறுபக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தாள்.

பதர்.

இன்னொன்று. அதுவும் பதர். அந்தப் பக்கம் முழுக்கவே பதர்தான்.

நடைபாதையை ஒட்டிய கதிர்களில் மட்டும் மணி. காற்று இப்படி ஓரவஞ்சனை செய்யாது.

பூத்திருந்த நாட்களில் காலைதோறும் ஆண் செடிகளுக்குள் புகுந்து மகரந்தம் எப்படிக் கொட்டுகிறது என்று பார்ப்பாள். அங்கிருந்து நேரே இங்கே வந்து, பூ விரிந்துவிட்டதா என்று ஒவ்வொரு கதிராகக் குனிந்து பார்ப்பாள். மலைக் குளிருக்குப் போட்ட அதே கம்பளி ஸ்வெட்டரோடு.

முதலில் பெண் வரிசை, அப்புறம்தான் ஆண் வரிசை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லும் பாடம் அது. அவசரக்காரி, தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள்.

கையிலிருந்த பதரை உதறினாள்.

போன் அடித்தது. இயக்குநர்.

"பிரமாதம் வசுமதி! காத்து பத்தாவது வரிசை வரைக்கும் கொண்டுபோயிருக்கே. மத்தியானமே அறிக்கை அனுப்பிடலாம்."

"காத்து இல்ல சார். நான்தான் கொண்டுபோயிருக்கேன். ஸ்வெட்டர்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

அவர் குரல் தணிந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியும் சார்," என்றாள்.