நீங்க முதல்ல

"டாக்டரம்மா, இந்தப் புதுச் செடியும் மணக்கலைன்னா மண்வெட்டியை எடுத்துருவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது!"

ஹேதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்சர் என்ற ஊரில் ரோஜாத் தோட்டம் வைத்துப் பன்னீர் காய்ச்சுகிறவர். தோட்டத்தின் ஒரு மூலையை டாக்டர் ஃபரங்கீஸின் ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தார். அங்கே அவள் இதுவரை நட்டதெல்லாம் துளியும் மணக்காத காட்டு ரோஜா. அதை வைத்துப் பன்னீரா காய்ச்ச முடியும்?

"போன வருஷப் பனியில உங்க செடியெல்லாம் மொட்டோட கருகிச்சே, காட்டுச் செடி கருகிச்சா?" என்றாள் ஃபரங்கீஸ்.

"கருகலை. மணக்கவும் இல்லையே!"

"மணத்துக்கு ஒரு நொதி வேணும் ஐயா. அதைச் செய்யற ஜீனுக்குக் கூடப்பொறந்ததுங்க நிறைய. ஆதியில ஒண்ணே ஒண்ணுதான். அது நகலாகி நகலாகிப் பெரிய குடும்பமாச்சு. மத்ததெல்லாம் செடிக்குள்ள குப்பை அள்ளிக்கிட்டிருக்க, ஒண்ணு மட்டும் பூவுக்குள்ள வந்து மணம் தயாரிக்குது. காட்டுச் செடியில அந்த ஒண்ணு கெட்டுப்போச்சு. அதான் உங்க செடியோட சேர்த்து இந்தப் பொண்ணைப் பெத்தெடுத்திருக்கேன். அம்மாவோட தெம்பு, அப்பாவோட மணம்."

குப்பை அள்ளுகிற குடும்பத்திலிருந்து இப்படி ஒரு வாசனைக்காரி! காலமெல்லாம் பூவோடு புரண்டும் இது தெரியாமல் போயிற்றே என்று ஹேதருக்கு வியப்பு தாங்கவில்லை.

புதுச் செடியில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. பறித்து அவளிடம் நீட்டினார்.

"உங்க பொண்ணு. நீங்க முதல்ல."

"ஐயையோ, தோட்டம் உங்களோடது. நீங்க முதல்ல."

கம்சர்க்காரர்கள் இருவரை ஒரு வாசலில் நிறுத்தினால், 'நீங்க முதல்ல' சொல்லியே பொழுதைச் சாய்த்துவிடுவார்கள். டீக்கும் அப்படி, ரொட்டிக்கும் அப்படி. ஆனால் கதவிலும் டீயிலும் விட்டுக்கொடுத்துவிடும் ஃபரங்கீஸ், பூ என்று வந்தால் மட்டும் மசியமாட்டாள். இப்போதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மரியாதையில உங்களை யாராலயும் ஜெயிக்க முடியாதும்மா!" என்று அலுத்துக்கொண்டு ஹேதர் பூவை முகர்ந்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேதரின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. திறந்தபோது கலங்கியிருந்தன.

"மணக்குதும்மா! எங்க பூவேதான்! மண்வெட்டியைக் கிணத்துல போடறேன், போதுமா? அடேயப்பா, எத்தனை ஆயிரம் பூவை மோந்து இதைக் கண்டுபிடிச்சீங்களோ! உங்க மூக்குக்குத் தங்கத்துல கவசம் செஞ்சு போடணும். இப்பவாவது பிடிங்க!"

ஃபரங்கீஸ் பூவை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சதெல்லாம் மிஷின்தான் ஐயா. எங்க குடும்பத்துலயும் ஒரு ஜீன் கெட்டுப்போச்சு. பொறந்ததுலேருந்தே எனக்கு எந்த வாசனையும் தெரியாது" என்றவள், ஆசையோடு கேட்டாள்: "சொல்லுங்களேன், ரோஜா எப்படி இருக்கும்?"