வடக்கு வரிசைப் பெண்கள்

"தலையைக் குனிடி," என்றேன். "நான் என்ன ஏணி வச்சா கட்டுறது?"

சிக்னெ குனிந்தாள். கறுப்பு அங்கியின் தோளை இழுத்துச் சரிசெய்தேன்.

போதகரின் வெள்ளைக் கழுத்துப்பட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். சுற்றிலும் மடிப்பு மடிப்பாக நிற்கும். முடிச்சு பிடரியில் விழுவதால் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. பழைய போதகருக்கு அவர் மனைவி கட்டிவிட்டார். சிக்னெவுக்கு யார் இருக்கிறார்கள்? நான்தான்.

அந்த மனிதரின் தடித்த கழுத்துக்குத் தைத்ததைப் பிரித்து, குறுக்கி, கஞ்சி போட்டு, சூட்டுக்கோலை விட்டு ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்தி எடுக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. விரலில் இரண்டு கொப்புளம். போகட்டும்.

டென்மார்க்கில் பெண்களும் போதகராகலாம் என்று சட்டம் வந்து ஐந்து வருஷம். யூட்லாந்தின் மேற்குக் கரைக்கு அது இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

அதுவும் சுலபமாக வரவில்லை. சபைக் குழுவில் நான்குக்கு மூன்று, ஒரே ஓட்டில் சிக்னெ ஜெயித்தாள். எதிர்த்து ஓட்டுப் போட்ட மூன்று பேரில் குழுத் தலைவர் லவுஸ்டும் ஒருவர். பன்றிப் பண்ணைக்காரர், ஊரிலேயே பெரிய குரல்.

"அந்தம்மா சபையப் பாத்துத் திரும்புன நிமிஷமே நாங்க எழுந்து வெளிய போயிருவோம்" என்று கூட்டுறவுப் பால்பண்ணை வாசலில் நின்று ஊருக்கே அறிவித்துவிட்டார்.

ஆண்கள் போனால் அதோடு நிற்காது. எங்கள் ஆலயத்தில் ஆண்கள் தெற்கு வரிசை, பெண்கள் வடக்கு வரிசை. அங்கே வீட்டுக்காரர் எழுந்தால் இங்கே வீட்டுக்காரியும் எழுந்துவிடுவாள். அவளோடு பிள்ளைகள், மாமியார், வேலைக்காரி. லவுஸ்டையும் சேர்த்து ஏழு பண்ணை எழுந்தால் ஆலயம் காலி.

காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்தாள் என்று பிஷப்புக்கு ஒரு கடிதம் போனால் போதும். சிக்னெவை எங்காவது ஓர் ஆஸ்பத்திரியிலோ சிறைச்சாலையிலோ ஜெபம் சொல்ல அனுப்பிவிடுவார்கள். இந்தக் கரையில் இன்னொரு பெண்ணைக் கூப்பிட இன்னும் ஐம்பது வருஷம் ஆகும்.

"கூட்டம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆலயப் பின்னறையின் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். "ஈஸ்டருக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்ல. எல்லாம் வேடிக்கை பாக்க வந்ததுங்க. நல்லா பாக்கட்டும்."

"லவுஸ்ட்?"

"முதல் பெஞ்சுல. மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டு. அந்த மனுஷனுக்கு முட்டிவலி வேற. எழுந்திரிக்கறதுக்குள்ள நீ பாதிப் பிரசங்கத்த முடிச்சிரலாம்."

சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு அடங்கியது.

"நீ என்னடி பண்ணப்போற, பெட்ரெயா?"

"ஆடாம நில்லு. முடிச்சு கோணுது."

நாங்கள் இருவரும் பதினான்கு வயதில் ஒரே ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தின் முன் விசுவாசத்தை அறிக்கையிட்டு, திடப்படுத்தல் பெற்றவர்கள். ஆனால் அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. என் மகள் மாரன் நிமோனியாவில் இறந்த அந்த வாரம், பழைய போதகர் வந்தார். தேவ சித்தம் என்றார். காப்பி குடித்தார், இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார், கிளம்பிவிட்டார்.

சிக்னெ என் அடுக்களையில் நான்கு நாள் இருந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் கர்த்தரைத் திட்டத்தான் வந்தது. "பரவால்ல, திட்டு. ஒனக்கும் சேத்து நான் ஜெபம் பண்றேன்" என்றாள். பண்ணினாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பண்ணினாள்.

எனக்குக் கர்த்தர் திரும்பக் கிடைத்தது அந்தக் குரலில்தான். அந்தக் குரல் ஆலயத்துக்குள் கேட்கக் கூடாது என்று சொன்னால் எனக்கு ஆத்திரம் வராதா?

மணியின் தொடர் ஓசை ஓய்ந்தது. ஜெபத்துக்கான கடைசி ஒன்பது அடி மும்மூன்றாக விழத் தொடங்கியது. கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினோம். ஆமென் சொன்னதும் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"போ. கர்த்தர் பாத்துக்குவார்."

நான் போய் வடக்கு வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு முடிந்தது. சிக்னெ பலிபீடத்திலிருந்து எங்களை நோக்கித் திரும்பினாள். பட்டை நேராக இருந்தது.

"கர்த்தர் உங்களோடு இருப்பாராக."

குரலில் நடுக்கமே இல்லை. சபை பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

லவுஸ்ட் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் எழுந்தார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பதில் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சிக்னெ காத்துக்கொண்டு நின்றாள்.

வடக்கு வரிசையில் அந்த ஆறு பேரின் மனைவிமார் பாமாலைப் புத்தகத்தை மூடினார்கள். ஆனாலும் எழவில்லை. தலைவரின் மனைவி எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுவது எங்கள் ஊர் வழக்கம்.

ஆறு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

நடுப்பாதையில் நின்று லவுஸ்டும் என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக அவர் எழுந்தால் நானும் எழுந்திருக்கிறேன்.

உட்கார்ந்தபடியே, தெற்குச் சுவர்வரை கேட்கும்படி சொன்னேன்:

"உமது ஆவியோடும் இருப்பாராக."