உப்பிய குழாய்

மருமகன் இரும்புத் தொட்டிக்குள் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஈரம், வெல்டிங் வயரும் பிய்ந்திருந்தது. சுவிட்சை நம்புகிறவன் இல்லை நான். ஃபியூசையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். மெஷினோடு, துணிக்குழாய் வழியாகத் தொட்டிக்குள் காற்று அனுப்பும் ஃபேனும் நின்றது.

"மாப்ள, புகை அடைச்சுக்கும். வெளிய வாங்க."

"இருங்க மாமா, காத்து ஜில்லுன்னு வருது. உங்க பொண்ணு ஒருநாளாவது இப்படிப் படுக்க விட்டிருக்காளா?"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபேன் இறக்கை அசையவில்லை. தொய்ந்து விழ வேண்டிய துணிக்குழாய் உப்பிக் கிடந்தது. அதை ஃபேனிலிருந்து கழற்றி, குழாயின் வாயில் கை வைத்துப் பார்த்தேன். பொட்டுக் காற்றில்லை.

"இப்ப இன்னும் ஜோரா வருது மாமா." நாக்கு குழறியது.

காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். இருமி இருமி எழுந்து உட்கார்ந்தார்.

ஆளில்லாத தொட்டிக்குள் குழாய் விறைப்பாக நீண்டு கிடந்தது.